கடலோரப் புறநகரில் வெந்நீர்: ஹீட்டரை மாற்றும் முன்னும் பின்னும்

சென்னையில் திருவான்மியூர் தொடங்கி கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரை கடலை ஒட்டி வசிப்பவர்கள் வெந்நீர்க் கருவி வாங்கக் கடைக்குப் போனால், அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?" என்பதாகவே இருக்கும். வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பி வாங்கிய கருவி மூன்றே ஆண்டுகளில் ஒழுகத் தொடங்கினால், அதுவரை மிச்சமான பணம் முழுவதும் புதுக் கருவிக்கே போய்விடும். ஆகவே இந்தப் பகுதியில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

இக்கரையோரம் மணற்பாங்கானது. மணலுக்கடியில் மழைநீர் ஊறி நிற்கும் நன்னீர்ப் படலத்தின் கீழே உப்புநீர் இருக்கிறது. போர்வெல்லில் அளவுக்கு மீறி இறைக்கும்போது அந்த உப்புநீர் மேலேறிவிடுகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு இனிக்க, அடுத்த வீட்டுப் போர்வெல் கரிப்பதும் உண்டு. நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் தென்சென்னைக்குக் கிடைத்தாலும், பல வீடுகளில் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டுக் குளியலறைக்குப் போர்வெல் நீரையே விடுகிறார்கள். ஹீட்டருக்குள் போவது பெரும்பாலும் அந்தப் போர்வெல் நீர்தான்.

எனவே ஒரு லிட்டர் பாட்டிலில் குளியலறைக் குழாய் நீரைப் பிடித்துக்கொண்டு போய், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் இவற்றுக்கு லிட்டருக்கு முறையே 500, 200, 250 மில்லிகிராமை விரும்பத்தக்க வரம்பாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2000, 600, 1000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. கடினத்தன்மை மிகுந்தால் ஹீட்டருக்குள் சுண்ணாம்பு படியும். குளோரைடு மிகுந்தால் எஃகுத் தொட்டியில் ஊசித்துளை விழும். இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்தத்தை மட்டுமே காட்டும் என்பதால், எது மிகுந்திருக்கிறது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இதை நான் பாடமாகக் கற்றது எங்கள் வீட்டுப் பழைய ஹீட்டரைத் திறந்தபோதுதான். சூடாகும்போதெல்லாம் உள்ளே பொரி பொரிவது போன்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிளம்பர் அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றியதும் வெள்ளைச் செதில்கள் இரண்டு கைப்பிடி அளவுக்குப் பக்கெட்டில் கொட்டின. நீரைச் சூடாக்கும் காயிலின் மேல் பழைய சுவரின் சுண்ணாம்பைப் போல் ஒரு தடித்த உறை படிந்திருந்தது. அதன் பக்கத்தில் விரல் பருமனில் இருந்திருக்க வேண்டிய மெக்னீசியக் கம்பி முழுவதும் கரைந்து, நடுவிலுள்ள மெல்லிய எஃகுக் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஆனோடு ராடு என்று கடைகளில் சொல்லப்படும் அந்தக் கம்பிதான் தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காப்பாற்றுவது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை யாரும் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போதைய செலவைக் கணக்கிடுங்கள்

மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதை அறிய ஒரே ஒரு எண் போதும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 1.163 வாட்-மணி மின்சாரம் வேண்டும். மார்கழிக் காலையில் தொட்டி நீர் 25 டிகிரியில் இருக்கிறது, குளிக்க 40 டிகிரி வேண்டும் என்று கொண்டால், 20 லிட்டர் பக்கெட் ஒன்றுக்கு 20 × 15 × 1.163, அதாவது ஏறத்தாழ 350 வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் என்பதால் 0.35 யூனிட். நால்வர் ஆளுக்கொரு பக்கெட் குளித்தால் நாளொன்றுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 84 யூனிட். இது உங்கள் வீட்டு வெந்நீரின் உண்மையான தேவை.

ஹீட்டர் இதைவிட இரு மடங்கு இழுக்கிறது என்றால், மீதி எங்கோ வீணாகிறது. காலை ஐந்தரைக்குப் போட்ட ஸ்விட்ச் ஒன்பதரை வரை அணைக்கப்படாமல் இருக்கலாம். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 75 டிகிரியில் நிற்கலாம். ஒருவர் குளிக்க 25 லிட்டர் நீர் சூடாகிக்கொண்டிருக்கலாம். 2 கிலோவாட் காயில் உள்ள 15 லிட்டர் ஹீட்டர் 25 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 18 நிமிடம் போதும். அந்த 15 லிட்டரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். எனவே இரண்டு பேர் உள்ள வீட்டில், குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டுக் குளிக்கப் போகும்போது அணைக்கும் பழக்கமே பல ஆயிரம் ரூபாய்க் கருவியின் வேலையைச் செய்துவிடுகிறது. இதை விற்பனையாளர் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

பில்லில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பரில் அமலான கட்டண அமைப்பில், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலேயுள்ள யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடியது. ஆகவே 530 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு 40 யூனிட் மிச்சம் தருவது, 900 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அதே 40 யூனிட் தருவதைப் போன்றதன்று. பழைய பில்கள் ஆறையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு முழு ஆண்டில் உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எதற்கு மாறுவது

சூரிய வெந்நீர்க் கருவியைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறார்கள். பெங்களூருக்கு அது பொருந்திய அளவுக்கு நம் கரைக்குப் பொருந்துவதில்லை. இங்கே வெந்நீரைத் தேடும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும் ஜனவரியும்; அவற்றில் முதலிரண்டும் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்ட மாதங்கள். சூரியன் வாரி வழங்கும் ஏப்ரல், மே மாதங்களிலோ மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் பச்சைத் தண்ணீரிலேயே கை வைக்க முடியாது. ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவைப்படும் முதியோரோ, பிள்ளை பெற்றவரோ, மூட்டுவலிக்காரரோ உள்ள தனி வீடுகளுக்குச் சூரியக் கருவி நல்லது. மற்றவர்களுக்கு அது ஆண்டில் பாதி நாள் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்.

வாங்குவதென்றால் தட்டைத் தகடு வகையா, வெற்றிடக் கண்ணாடிக்குழாய் வகையா என்ற கேள்வி வரும். தட்டைத் தகட்டின் மெல்லிய செம்புக் குழாய்களைக் கடின நீரின் சுண்ணாம்பு அடைத்துவிடும். அத்தகைய நீருள்ள வீடுகள், குளிக்கும் நீர் தகட்டுக்குள் போகாமல் தனிச் சுற்றில் வெப்பம் கடத்தும் மாதிரியைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்குழாயில் படிவது அடியில் தங்கும். அதை அவ்வப்போது கழற்றிக் கழுவலாம். ஆனால் இந்த வகையில் பெரும்பாலானவை அழுத்தம் தாங்காதவை. வீட்டில் பிரஷர் பம்பு இருந்தால் அதற்கேற்ற மாதிரியையே வாங்க வேண்டும், இல்லையேல் தொட்டி பிதுங்கிவிடும். பம்பு இல்லாத வீட்டில், குளிர்ந்த நீர்த் தொட்டியின் அடிமட்டம் சூரியத் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்பதைப் பொருத்துபவர் வருமுன் நீங்களே நாடாப் பிடித்து அளந்துவிடுங்கள்.

தகடு தெற்கு நோக்கி, கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 டிகிரி சாய்ந்திருந்தால் குளிர்காலச் சூரியனை நன்றாகப் பிடிக்கும். தாங்குசட்டம் வெறும் பெயிண்ட் பூசிய இரும்பாக இருந்தால் உப்புக்காற்று தின்றுவிடும். துத்தநாகம் தோய்த்த சட்டமும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் கேளுங்கள், அவற்றைத் தளக் கான்கிரீட்டில் இறுக்கச் சொல்லுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள், அந்தக் கனமே அதைப் பிடித்து நிறுத்தும். மாடியிலிருந்து குளியலறை வரும் குழாயின் நீளத்தையும் மறக்க வேண்டாம்: முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும், இருபது மீட்டர் ஓடினால் ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டர் வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும்.

மானியம் பற்றி ஒரு குழப்பம் ஊரெங்கும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய், மின்சாரம் தயாரிக்கும் கூரைத் தகடுகளுக்கானது. வெந்நீர்த் தகட்டுக்கு அந்தப் பணம் வரும் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

வெப்பப் பம்பு எனப்படும் ஹீட் பம்பு, நம் ஏசி செய்வதைத் திருப்பிச் செய்கிறது: வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி நீருக்குத் தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது என்பதால் சென்னை அதற்கேற்ற ஊர். 200 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்றச் சாதாரணக் காயிலுக்கு 6.5 யூனிட் வேண்டும், வெப்பப் பம்புக்கு ஏறத்தாழ 2 யூனிட். ஆறேழு பேர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விருந்தினர் இல்லங்களுக்கும், பொதுத் தொட்டி வைத்துக்கொள்ள இசையும் அடுக்ககங்களுக்கும் இது கணக்குக்கு வரும். மேலே பார்த்த 84 யூனிட் குடும்பத்துக்கு வராது. அவர்களுடைய மிச்சம், கருவியின் விலையை அதன் ஆயுளுக்குள் எட்டிப் பிடிப்பதே கடினம். கூரையில் ஏற்கெனவே மின்தகடு வைத்திருப்பவர்கள், டைமர் வைத்துப் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் தொட்டியைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

வெப்பப் பம்பின் பகைவன் உப்புக்காற்று. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனியில் வைத்த ஏசியின் வெளிப்பெட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள், அலுமினியத் தகடுகள் மாவாகி உதிர்ந்திருக்கும். வெப்பப் பம்பிலும் அதே தகடுகள்தான். எனவே அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள தகடு வேண்டும் என்று கேளுங்கள். கடலுக்கு முதுகு காட்டிய சுவரை ஒட்டி, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரைத் தகடுகளின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். போர்வெல் நீரால் கழுவுவது புண்ணில் உப்பு வைப்பதுதான். பெட்டியிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு வடிகால் குழாயும் வேண்டும்.

கேஸ் கீசரைப் பற்றி ஒன்றே ஒன்று: மூடிய குளியலறைக்குள் அதை வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

மற்ற எல்லோருக்கும் எரிசக்தித் திறன் பணியகத்தின் ஐந்து நட்சத்திர முத்திரையுள்ள 10 அல்லது 15 லிட்டர் ஹீட்டர் போதும். முத்திரையில் நட்சத்திரத்தோடு நிற்காமல், 24 மணி நேரத்தில் சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பம் எத்தனை யூனிட் என்று அச்சிட்ட எண்ணையும் ஒப்பிடுங்கள். எண் சிறியதே நல்லது.

தொட்டியும் பராமரிப்பும்

குளோரைடு மிகுந்த நீருக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி ஒத்துவராது, அதுவும் நீர் 60 டிகிரிக்கு மேல் போகும்போது. கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியோ 316 ரக எஃகோ தேவை. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தை வைக்கிறது, குளோரைடைத் தொடுவதில்லை. சுண்ணாம்பு படிவது நின்றுவிடும், துளை விழுவது நிற்காது. மேலும் மென்னீரில் மெக்னீசியக் கம்பி இன்னும் வேகமாகக் கரையும். உத்தரவாத அட்டையின் பின்புறப் பொடி எழுத்தில் எந்த அளவு கடினத்தன்மைக்கு மேல் உத்தரவாதம் செல்லாது என்று இருக்கும். உங்கள் பரிசோதனைத் தாளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பொருத்தும்போது நல்ல எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் 16 ஆம்பியர் சாக்கெட்டின் பித்தளைத் தொடுபகுதிகள் பச்சைக் களிம்பேறிச் சூடாகும், பழையதை அப்படியே விடாமல் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு வால்வு சூடாகும்போது சில சொட்டுகள் சிந்துவது இயல்பு. அதைப் பழுதென்று நினைத்து அடைக்கச் சொல்லாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை 50 முதல் 55 டிகிரியில் வைத்தால் சுண்ணாம்பு குறைவாகப் படியும். நாள் முழுவதும் நீர் தேங்கும் பெரிய தொட்டியாக இருந்தால், கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் ஏற்றி இறக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி பிறக்கும் முன், பிளம்பரை அழைத்துத் தொட்டியை வடித்து மெக்னீசியக் கம்பியைக் கண்ணால் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதியது போடுங்கள். புதுக் கருவி வந்த பிறகு வரும் முதல் மார்கழிப் பில்லைச் சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதப் பில்லோடு ஒப்பிடுங்கள், முந்தைய புரட்டாசிப் பில்லோடு அல்ல. புரட்டாசியில் ஓடிய ஏசி அந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.