காரீயமற்ற சால்டருக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணுப் பழுதுபார்ப்பில், உருக்கிப் பாகங்களை இணைக்கும் சால்டர் கம்பியை 'லெட்' (காரீயம்) என்றே கேட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். 63 பங்கு வெள்ளீயமும் (டின்) 37 பங்கு காரீயமும் கலந்த அந்தக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். மின்னணுக் கருவிகளில் உள்ள ஒவ்வொரு தனிப்பொருளிலும் காரீயத்தின் அளவு 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, புதிய சர்க்யூட் போர்டுகளில் பெரும்பாலும் காரீயமற்ற சால்டரையே காண்கிறோம். பழைய கைப்பழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவருவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் ஒரு சொற்குழப்பம். தமிழில் 'ஈயம்' என்ற சொல் இரண்டு உலோகங்களையும் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் தவிர்க்க நினைப்பது காரீயத்தை. ஆகவே கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பாமல், கம்பிச் சுருளில் அச்சிட்டிருக்கும் கலவை விகிதத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நான் மிகுதியாகக் காணும் தவறு, சூட்டைக் கண்டபடி ஏற்றுவது. 3 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு செம்பும் கலந்த வகை 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். வெள்ளியில்லாத, விலை குறைந்த வெள்ளீயம்-செம்புக் கலவைக்கு 227 டிகிரி வேண்டும். பழைய காரீயக் கம்பியோடு வேறுபாடு ஏறத்தாழ 35 முதல் 45 டிகிரிதான். ஆனால் சால்டர் சரியாக ஓடவில்லை என்றதும் பலர் அயர்னின் (சால்டரை உருக்கும் கருவி) சூட்டை நேராக 450 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்கு ஒட்ட உதவும் பொருள்) தன் வேலையை முடிக்கும் முன்பே கருகிவிடுகிறது, பிட் (அயர்னின் முனை) கறுத்துப்போகிறது, செம்புப் பேட் (பாகத்தின் கால் ஒட்டும் இடம்) போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடுகிறது. உண்மையில் குறைவது வெப்பநிலை அன்று, இணைப்புக்குப் போய்ச் சேரும் வெப்பத்தின் அளவு. ஊசிமுனைப் பிட்டை விட்டு உளிமுனைப் பிட்டுக்கு மாறி, 350 முதல் 370 டிகிரியில் வைத்து, ஒரு நொடி கூடுதலாகப் பொறுத்துப் பாருங்கள். வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் அகன்ற கிரவுண்ட் செம்புப் பரப்போடு சேர்ந்த கால்களுக்கு, போர்டைக் கீழிருந்து ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்வது நல்லது. சூட்டுக் கட்டுப்பாடில்லாத 25 வாட் அயர்னால் அத்தகைய இடங்களில் நல்ல இணைப்பைப் பெறுவது கடினம்.

இணைப்பின் பளபளப்பைக் கண்டு அதன் தரத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. காரீயச் சால்டரில் மங்கிய இணைப்பைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்று கற்றிருக்கிறோம்; காரீயமற்றதிலோ சற்று மங்கிய, சொரசொரப்பான மேற்பரப்பே இயல்பு. அதைப் பளபளப்பாக்க மீண்டும் மீண்டும் சூடாக்கினால், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து உருவாகும் நொறுங்கும் படலம் தடிப்பதே மிச்சம். பார்க்க வேண்டியது சால்டரின் ஓரத்தை: அது பேட்டிலும் காலிலும் படர்ந்து மெலிந்து முடிகிறதா, அல்லது உருண்டு நிற்கிறதா?

பிஸ்மத் என்னும் உலோகம் கலந்த, 138 டிகிரியில் உருகும் சால்டர் பேஸ்ட்டைப் பயன்படுத்துபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. பழைய போர்டில் எஞ்சியிருக்கும் காரீயம் அதனோடு கலந்தால், 96 டிகிரியிலேயே உருகும் பகுதி உள்ளே உருவாகக்கூடும். கருவி சூடேறும்போது இணைப்பு விட்டுப்போகலாம். அதனால் பழைய சால்டரை விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) கொண்டு முழுதும் எடுத்துவிட வேண்டும். இந்தப் பேஸ்ட்டுக்கென்று பிட்டையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளீயம் மிகுந்த கலவை, பிட்டின் இரும்புப் பூச்சையும் விரைவாகக் கரைக்கும். ஈரப் பஞ்சுக்குப் பதில் பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் புதிய சால்டரைப் பூசி வையுங்கள்.

காரீயம் இல்லை, ஆகவே புகை தீங்கு செய்யாது என்று நினைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். சால்டர் செய்யும் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. அது பெரும்பாலும் கைவழியே வாய்க்குப் போகிறது. கண்ணில் தெரியும் புகை ஃப்ளக்ஸிலிருந்து எழுவது. அதிலுள்ள ரோசின் (பைன் மரப் பிசின்) ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. எனவே புகையை முகத்திலிருந்து விலக்கி வெளியே இழுக்கும் விசிறி எந்தச் சால்டருக்கும் தேவை. பழைய போர்டுகளைக் கையாண்டுகொண்டிருக்கும் வரை, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தையும் விடக் கூடாது.