பனங்கூடல் பாதையில் ஒலிப்பதிவு

வட இலங்கையின் சுண்டிக்குளம் பக்கம் ஒலி பதியப் போவதென்றால் விடிய 5.30க்கே நில்லுங்கள், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிட்டால் மைக்கில் காற்றின் உறுமல் மட்டும்தான் விழும். மைக்குக்கு மயிர்த்துணி உறை கட்டாயம். போன் ஃபிளைட் மோடில். கோப்பு எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ரெக்கோடர் காட்டும் ஒலிமட்டத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது.

அப்புறம், நடந்துகொண்டே பதியாதீர்கள். ரெக்கோடரை ஒரு பாலை மரத்தடியில் கட்டிவிட்டு, பத்தடி தள்ளி, கதைக்காமல் 5 நிமிடமாவது நில்லுங்கள்: முதலில் உங்கள் மூச்சுத்தான் கேட்கும், பிறகு காவோலைகள் (காய்ந்த பனையோலைகள்) உரசும் சரசரப்பு, தூரத்தில் செண்பகப் பறவையின் அடித்தொண்டை 'ஊப் ஊப்'. எனக்கு அந்தக் காவோலைச் சத்தம் போதும், எத்தனை விடியலும் நிற்பேன்.

காலடிச் சத்தத்தைத் தனியாக எடுங்கள், மைக்கைக் கணுக்கால் உயரத்தில் பிடித்து, மணலில் ஒருமுறை, காய்ந்த ஓலைமேல் ஒருமுறை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், நேரம், காற்று எப்படி என்று வாயால் சொல்லிவிடுங்கள்.