அரபுத் தொண்டை எழுத்துகள்: எங்கே தவறுகிறோம்?

அரபு படிக்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் நாளே செய்கிற தவறு, உச்சரிப்பை நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வது. 'கல்ப்' என்று எழுதி வைத்தால் அது இதயமா நாயா என்று ஒரு வாரம் கழித்துத் தெரியாது. நம்முடைய 'க' அங்கே நான்கு எழுத்துகளுக்கு ஆள் மாற்றி வேலை பார்க்கும், 'ஹ' இரண்டுக்கு. மொத்தம் 28 எழுத்துதான், அரபு வடிவத்திலேயே பழகிவிடுங்கள்.

அடுத்தது, தொண்டை என்றதும் எல்லா ஒலியையும் ஒரே இடத்தில் போட்டு நெரிப்பது. 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹியே தொண்டையை மூன்றாகப் பிரித்துவிட்டார். அடியில் ஹம்ஸாவும் (ء) எழுத்து வரிசையில் வாவுக்கு (و) முந்தைய ஹாவும் (ه), நடுவில் ஐனும் (ع) ஜீமுக்கு (ج) அடுத்த ஹாவும் (ح), வாய்ப்பக்கம் கைனும் (غ) காவும் (خ). குர்ஆன் ஓதும் தஜ்வீத் பாடத்திலும் இந்த ஆறுதான். இதயம் என்ற சொல்லில் வரும் காஃப் (ق) இந்தப் பட்டியலிலேயே இல்லை. நாக்கின் பின்பகுதி உள்நாக்குப் பக்கம் ஒட்டி வெடிக்கும் ஒலி அது. கூடவரும் அகரம் தடித்து ஒலிக்கும். நாய் என்ற சொல்லில் வரும் காஃபோடு (ك) அகரம் மெலிந்து 'ஏ' பக்கம் சாயும். காது முதலில் பிடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

ரொம்பப் படுத்துவது ஜீமுக்கு அடுத்த ஹா. 'கண்ணாடியில் ஆவி படிய ஊது' என்று சொல்லித் தருவார்கள். அப்படி ஊதினால் வருவது மற்ற ஹாதான். நாக்கின் வேரைப் பின்சுவர் நோக்கித் தள்ளி, வழியைக் குறுக்கி ஊதவேண்டும். காற்று உரசும், ஆனால் கரகரக்காது. கரகரத்தால் மேலே ஏறி 'கா' ஆகிவிட்டது என்று பொருள். 'ஹால்' (நிலைமை) என்று சொல்ல வந்தவர் 'கால்' (தாய்மாமன்) என்றிருப்பார்.

அந்த ஹா சரியாக வந்துவிட்டதா? இடத்தை மாற்றாமல் குரலை மட்டும் சேர்த்தால் ஐன். குரல்வளையில் விரல் வைத்துப் பாருங்கள், ஹாவில் அதிராது, ஐனில் அதிரும். பலர் இங்கே குரலைச் சட்டென்று வெட்டுகிறார்கள். அது ஹம்ஸா. ஐனில் குரல் அறுபடக் கூடாது. 'அமல்' என்பதை ஐனோடு சொன்னால் வேலை, ஹம்ஸாவோடு சொன்னால் நம்பிக்கை. அப்புறம், வாந்தி வருவதுபோல் முக்க வேண்டாம். தொண்டை வலித்தால் இடம் தவறு.

இன்னொன்று, பக்கத்து மொழியையும் வட்டார வழக்கையும் பார்த்துச் சலுகை எடுத்துக்கொள்வது. இன்றைய எபிரேயத்தில் பெரும்பாலோர் ஐனை விட்டுவிட்டார்கள். யேமனிலிருந்து வந்த யூதர்களில் மூத்தவர்களிடம் அது இன்னும் கேட்கும். கெய்ரோக்காரர் இதயத்துக் காஃபை (ق) ஹம்ஸாவாக்கிக் காப்பியை 'அஹ்வா' என்பார், வளைகுடாவில் அது 'கஹ்வா', அதுவும் 'கங்கை'யின் முதல் ககரம்போல. சரி, அதெல்லாம் அந்தக் காஃபுக்கு. ஐனையும் ஜீமுக்கு அடுத்த ஹாவையும் கெய்ரோவிலும் விடுவதில்லை, வளைகுடாவிலும் விடுவதில்லை.