வீட்டுக் கம்ப்யூட்டர்: 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதில் வரும் ஆபத்து

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது பணம் கேட்டு மிரட்டும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாத கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன.

வீட்டில் நாம் செய்யும் முதல் தவறும் இதுதான். அப்டேட் கேட்கும்போதெல்லாம் தள்ளிப்போடுகிறோம். இரவு படுக்கப் போகும்முன் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும், வேலை கெடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 'நல்லாத்தானே ஓடுது' என்று அதிலேயே பேங்க் வேலை பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 11-க்கு மாற முடியாத பழைய மெஷின் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள்.

காசு கொடுக்காமல் சாஃப்ட்வேர் வேண்டும் என்று கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) தேடுவது இதைவிட மோசம். அந்த ஃபைலோடு வரும் குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்' என்று இருக்கும். காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடச் சொல்கிறார்கள். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

பேக்கப் எடுப்பவர்களும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் குழந்தையின் படங்களையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒழுங்காகப் போட்டு வந்தார். ஆனால் அதை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தார். ரான்சம்வேர் வந்த அன்று இரண்டும் சேர்ந்தே போயின. பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருப்பது நல்லது.

ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடாதீர்கள். குறைந்தபட்சம் இமெயிலுக்காவது தனியாக வையுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வருகிறது. பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் (ஃபோனுக்கு வரும் எண் போல) கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, 'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று அலறினால் பேசவே கூடாது. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. பெரும்பாலும் அது ஒரு பிரவுசர் பக்கம், அவ்வளவுதான். ஆல்ட்டோடு எஃப் 4-ஐ அழுத்துங்கள், மூடவில்லையா, கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள்.

பதற்றத்தில் பேசி, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க்கையும் (தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க வழிவிடும் சாஃப்ட்வேர்) போட்டுக்கொடுத்துவிட்டால் வீட்டில் யாரும் திட்ட வேண்டாம். திட்டுக்குப் பயந்து மறைத்தால் நேரம்தான் போகும். உடனே நெட்டைத் துண்டித்துவிட்டு பேங்கைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு ஃபோனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம்.