கூட்டுத் தொட்டியில் ஃபைட்டர் மீன்: என் அனுபவம்

சென்னை கொளத்தூரில் வாங்கிய நீல ஃபைட்டர், அதாவது பீட்டா, பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் என் தொட்டியில் இறங்கியதுமே ஆண் கப்பிகளைத் துரத்தத் தொடங்கியது. நியான் டெட்ராக்களையும் அடியில் மேயும் கோரிடோராஸ்களையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. கப்பிகளின் விரிந்த வண்ண வாலைக் கண்டால் மட்டும், எதிரில் இன்னொரு ஆண் ஃபைட்டர் நிற்பதுபோல் செவுள் மூடியை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

உடனே அதைப் பிடித்து, துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, அதே தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மற்ற மீன்களைப் பார்க்கலாம், கடிக்க முடியாது. கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றினேன். குட்டி போட்டே பெருகும் கூட்டம் அது. தனி இடம் எப்படியும் தேவைப்பட்டிருக்கும்.

பிறகு கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்கினேன். எல்லாருக்கும் இடம் புதிதானால் எல்லைச் சண்டை குறைகிறது. எல்லா மீன்களுக்கும் உணவு போட்டு, விளக்கை அணைத்த பின்புதான் பெட்டியைத் திறந்தேன். துரத்தல் இல்லை. ஆனால் நீண்ட துடுப்புகளை இழுத்துக்கொண்டு, ஃபில்டர் நீரோட்டத்தில் அது தள்ளாடியது. தண்ணீர் வெளிவரும் வாயில் பஞ்சைச் செருகியதும் சரியானது. இந்த மீன் மேலே வந்து காற்றையும் விழுங்கும் என்பதால், மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறேன்.

மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் மீன்களை வளர்ப்பவர்கள் இதை முயலவே வேண்டாம். அங்கே கதை தலைகீழ்: ஃபைட்டரின் துடுப்புகள்தான் கிழியும்.