கற்பனைப் பேரரசில் ஒரே நாணயம் கொண்டுவருவது எப்படி

பேரரசுக் கதை எழுதுகிறவர்களில் பலர் பண விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: மன்னர் ஆணையிட்டார், நாடெங்கும் ஒரே நாணயம் வந்தது. ஒரு நாவலுக்கே தீனி போடக்கூடிய சண்டை அந்த ஒரு வரிக்குள் செத்துப்போகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் பழைய குழப்பத்தைக் கட்டுங்கள். மாகாணத்துக்கு ஒரு நாணயம் மட்டும் போதாது, உலோகமும் வேறாக இருக்கட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் தங்க வராகன், அதற்கு ‘பணம்’ என்ற சின்ன வெள்ளிக் காசு 42, ஒரு பணத்துக்கு 80 காசு. அதே சமயம் வங்காளத்தில் வெள்ளி ரூபாய். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் மாற்று விகிதமும் நிற்காது, கணக்கில் 42 என்று எழுதிவிட்டால் கடைத்தெரு அதைக் கேட்கவும் செய்யாது.

அடுத்து, இந்தக் குழப்பத்தில் பிழைப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். வங்காளத்தில் சராப்புகள், அதாவது காசு மாற்றுகிறவர்கள், சிக்கா என்ற அந்த வெள்ளி ரூபாயை அடித்து ஒரு வருடம் போனாலே, எடை குறையாவிட்டாலும்கூட, வட்டம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். அதைத் தடுக்கக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? எந்த வருடம் அடித்தாலும் நாணயத்தில் முகலாய மன்னர் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சி ஆண்டையே பொறித்தது. இப்படி ஒரு தந்திரமும் அதற்கு எதிர்த்தந்திரமும் உங்கள் கதையில் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் காலம். ஆணைக்கும் நடைமுறைக்கும் நடுவே ஒரு தலைமுறையாவது விடுங்கள். சீனாவில் சின் பேரரசர் கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கியபின், கத்தி வடிவிலும் மண்வெட்டி வடிவிலும் புழங்கிய காசுகளை ஒதுக்கி, நடுவில் சதுரத் துளையுள்ள வட்டக் காசை எங்கும் கொண்டுவரப் பார்த்தார். பதினைந்தே ஆண்டில் அந்த வம்சம் போனது. பின்னால் வந்த ஹான் அரசு ஒரு கட்டத்தில் தனியார் காசு அடிக்கவும் அனுமதித்தது, கி.மு. 113-இல்தான் அச்சடிப்பு முழுக்க மைய அரசின் கைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல்!

இப்போது கதையின் நெஞ்சுப்பகுதி: மாற்று விகிதம். 1818-இல் சென்னையில் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். உங்கள் பேரரசிலும் இப்படி ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, பழைய நாணயத்தில் கடன் வாங்கியவன் புதியதில் எவ்வளவு திருப்பித் தருவான், கொடுத்தவன் அதை ஒப்புக்கொள்வானா, கோயிலுக்கு எழுதிவைத்த நிவந்தம் எந்த நாணயத்தில் ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். கேள்விக்கு ஒரு காட்சி கிடைக்கும். எல்லாவற்றையும்விட வரியை எதில் வாங்குகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஊரில் ஒருவரிடமும் இல்லாத புது நாணயத்தில்தான் வரி கட்ட வேண்டும் என்றால், அறுவடை முடிந்த கையோடு விவசாயி சராப்பிடம்தான் போய் நிற்பான், அவர் சொன்ன விலைக்குத்தான் வாங்குவான்.

கள்ள நாணயத்தை விட்டுவிடாதீர்கள். முகமது பின் துக்ளக் 1330 வாக்கில் செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளிக் காசின் மதிப்புக்குச் செல்லும் என்று அறிவித்தார். போலி எளிதில் அடிக்கக்கூடியதாக இருந்ததால் வீடு வீடாக அடித்தார்கள், கடைசியில் அவற்றைக் கஜானாவே திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் நாணயம் உள்ளிருக்கும் உலோகத்தைவிட அதிக மதிப்புக்குச் செல்ல வேண்டுமானால், போலி அடிக்க முடியாதபடி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

நாணயத்தில் யார் பெயர்? ஜெயித்தவன் உடனே தன் முகத்தைப் போட்டுவிடுவான் என்று நினைக்க வேண்டாம். ஷா ஆலம் 1806-இல் இறந்தபிறகும் வங்காளத்தில் அவர் பெயரிலேயே ரூபாய் வந்துகொண்டிருந்தது. 1835-இல்தான் கம்பெனி 180 கிரெய்ன் (ஏறக்குறைய 11.66 கிராம்) எடையில், இங்கிலாந்து அரசர் நான்காம் வில்லியம் முகத்தோடு, தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. மக்கள் நம்புகிற பழைய பெயரை எந்த அத்தியாயத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

எழுத உட்காருமுன் பழைய நாணயங்கள், அவற்றின் உலோகம், புது விகிதம், பழையது செல்லும் கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி நாளுக்கு முந்தின வாரம் சந்தையில் அரிசி என்ன விலை விற்றது என்பதையும் சேர்த்து.