எண்ணெய் படிந்த ஸ்பார்க் பிளக்கைக் கண்டறியும் முறை
இராமநாதபுரக் கடலோரத்தில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஓடும் பழைய அம்பாசிடர்களில் உப்புக்காற்று பட்டுப் பிளக் துருவேறி இறுகியிருக்கும். ஆகவே இன்ஜின் நன்கு ஆறிய பிறகு, சுற்றிலும் படிந்த மணலை ஊதி அகற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தே கழற்ற வேண்டும். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வைக்கவும்.

முனையை வெள்ளைத் துணியில் தேய்க்கும்போது வழவழப்பாகப் பளபளக்கும் கருமை ஒட்டினால் அது இன்ஜின் ஆயில். உலர்ந்த கரியாக உதிர்ந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுதி, அது வேறு கதை. ஆயில் என்று தெரிந்தபின் காரணம் தேடாமல் புதுப் பிளக் மாட்டுவது வீண்செலவு.

அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று அறிய, அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் கணிசமாக ஏறினால், பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அழுத்தம் சரியாக இருந்தும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து அடங்குமானால், வால்வு சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் அடைப்பு), வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) இரண்டையும் சோதிக்க வேண்டும்.